முகத்தில் குற்றம் தேடிய விஞ்ஞானம்

‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. இதனைச் சொல்லாத ஆசிரியர் இல்லை. பள்ளிக் கட்டுரையில் எழுதாத மாணவனும் இல்லை. மகிழ்ச்சியும் துயரமும் சினமும் முகத்தில் தோன்றும் என்ற அளவில் இது உண்மையே. திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்ற பெயரில் இரண்டு அதிகாரங்களே இருக்கின்றன. ஆனால் அதே வள்ளுவர்தான், தேரின் சிறிய அச்சாணியைக் காட்டி, உருவத்தைக் கண்டு ஒருவரை இகழலாகாது என்றும் சொல்லியிருக்கிறார். முகத்தில் தோன்றி மறையும் குறிப்பு வேறு. முகத்தின் எலும்பு வேறு. அந்த எலும்பை அளந்தே ‘இவன் திருடன், இவன் கொலைகாரன்’ என்று சொல்லிவிட முடியும் என நம்பிய ஒரு விஞ்ஞானம் 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தழைத்து வளர்ந்தது. அதனைப் பற்றியதே இக்கட்டுரை.

விலங்கியல் இரண்டாம் ஆண்டு மாணவனாகிய நான் இதனை எழுதப் புகுந்ததற்குக் காரணங்கள் இரண்டு. நாங்கள் வகுப்பில் படிக்கும் பரிணாமக் கொள்கையைத்தான் அந்த விஞ்ஞானம் தனக்கு அடித்தளமாகக் காட்டியது என்பது ஒன்று. அதன் அளவுகோல் எங்கள் சேர்வராயன் மலைக்கும் ஏறி வந்தது என்பது மற்றொன்று. நான் ஏற்காட்டைச் சுற்றியுள்ள சிற்றூர் ஒன்றில் பிறந்தவன். மலையாளி என்னும் பழங்குடியைச் சேர்ந்தவன். மலையாளி என்றவுடன் கேரளத்தவர் என்று வகுப்பில் நண்பர்கள் நினைத்துவிடுகிறார்கள். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே இங்கு பொருள். எங்கள் தாய்மொழி தமிழே. எங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பியர் மூவர் என்றும், பெரியண்ணன் சேர்வராயன் மலையிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் குடியேறினர் என்றும் எங்கள் பெரியோர் சொல்லுவர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான்.

முகத்தைப் படிக்கும் கலை ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று. நம்மிடம் சாமுத்திரிகா லட்சணம் உண்டு. காது நீண்டால் இன்னது, நெற்றி அகன்றால் இன்னது என்று பலன் சொல்லும் சிறு நூல்கள் இன்றும் திருவிழாக் கடைகளில் விற்கின்றன. ஐரோப்பாவில் இதற்குச் சாத்திரத் தோற்றம் தந்தவர் சுவிட்சர்லாந்து நாட்டு மத போதகரான லவாட்டர். 1775 முதல் 1778 வரை அவர் வெளியிட்ட நூல்கள் படித்தவர் வீடுகளிலெல்லாம் பரவின. அதன் விளைவு ஒன்றை விலங்கியல் மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். 1831-இல் பீகிள் கப்பலில் இயற்கையியலாளராகச் செல்ல இளைஞர் சார்லஸ் டார்வின் விண்ணப்பித்தபோது, கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராய் அவரை ஏற்கத் தயங்கினார். காரணம், டார்வினின் மூக்கு! அத்தகைய மூக்கு உடையவனுக்கு நெடும்பயணத்துக்கு வேண்டிய உறுதி இராது என்று லவாட்டரின் சீடரான ஃபிட்ஸ்ராய் எண்ணினாராம். இதனை டார்வினே தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியுள்ளார். அந்த மூக்கைக் கப்பல் தலைவர் முழுமையாக நம்பியிருந்தால் எங்கள் பாடநூல் எவ்வளவு மெலிந்திருக்கும்!

லவாட்டருக்குப் பின் வந்தவர் கால் என்னும் ஜெர்மானிய மருத்துவர். மூளையில் ஒவ்வொரு குணத்துக்கும் ஒவ்வோர் இடம் உண்டு, அந்த இடம் பெருத்தால் அதன் மேலுள்ள மண்டை ஓடும் புடைக்கும், ஆகவே தலையைத் தடவிப் பார்த்தே குணத்தை அறியலாம் என்றார் அவர். அவர் வகுத்த 27 குணங்களில் கொலை உணர்வும் திருட்டு உணர்வும் அடங்கும். மூளையின் பகுதிகளுக்குத் தனித்தனிப் பணிகள் உண்டு என்ற கருத்து நிலைத்தது. மண்டைப் புடைப்புகள் பற்றிய கூற்று கைவிடப்பட்டது.

இனி நம் கதையின் முக்கியப் பாத்திரத்திற்கு வருவோம். சேசரே லொம்ப்ரோசோ 1835-இல் இத்தாலியின் வெரோனா நகரில் பிறந்தார். ராணுவ மருத்துவராக இருந்தபோதே வீரர்களின் உடலை அளக்கும் பழக்கம் அவருக்கு ஏற்பட்டது. பின்னர், சிறையில் இறந்துபோன வில்லெல்லா என்னும் தென் இத்தாலியத் திருடனின் மண்டை ஓட்டை ஆராய்ந்தபோது, பிடரி எலும்பின் உட்புறத்தில், நடுவே, ஒரு சிறு குழி இருப்பதைக் கண்டார். அத்தகைய குழி சில தாழ்நிலைப் பாலூட்டிகளில் காணப்படுவது. அவ்வளவுதான்! குற்றவாளியின் இயல்பு முழுவதும் அந்தக் கணத்தில் தமக்கு விளங்கிவிட்டது போலிருந்தது என்று பின்னாளில் அவர் எழுதினார். குற்றவாளி என்பவன் நாகரிக மனிதர் நடுவே பிறந்துவிட்ட ஒரு பழங்கால மனிதன்; முன்னோர் இயல்பு அவனிடம் மீண்டு வந்திருக்கிறது; எனவே அவன் பிறவிக் குற்றவாளி. இதுவே அவருடைய கொள்கை. அதனை விளக்கும் ‘குற்றவாளி மனிதன்’ என்ற நூல் 1876-இல் வெளியாயிற்று.

பிறவிக் குற்றவாளியின் அடையாளங்களாக அவர் தந்த பட்டியல் நீண்டது. பெரிய தாடை, உயர்ந்த கன்ன எலும்பு, பின்னோக்கிச் சரிந்த நெற்றி, கைப்பிடி போல் துருத்திய காது, நீண்ட கை, இடக்கைப் பழக்கம், வலி உணராமை, உடலில் பச்சை குத்திக்கொள்ளுதல். இந்தக் கடைசி அடையாளத்தைப் படித்தபோது நான் சிரித்துவிட்டேன். தமிழகத்துப் பாட்டிமார் எத்தனை பேர் முழங்கையில் கோலமும் தேளும் பச்சை குத்தியிருக்கிறார்கள்! லொம்ப்ரோசோ கணக்கில் அவர்கள் எல்லோரும் சந்தேகத்துக்கு உரியவர்கள். அப்பச்சையைக் குத்தியவர்களோ பெரும்பாலும் குறவர் இனப் பெண்கள். அவர்களைப் பற்றிப் பின்னர் பேச வேண்டியிருக்கிறது.

நூலின் பிற்பதிப்புகளில் அவர் இன்னும் ஒரு படி மேலே போனார். குற்றம் மனிதனிடம் மட்டுமன்று, விலங்குகளிடமும் தாவரங்களிடமும் உண்டு என்று கூறி, பூச்சி உண்ணும் தாவரங்களைச் சான்றாகக் காட்டினார். ஏற்காட்டில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தோட்டத்திற்குச் சென்றவர்கள் அங்கே குடுவைத் தாவரத்தைப் பார்த்திருப்பீர்கள். நைட்ரஜன் குறைந்த மண்ணில் வளரும் அச்செடி, தன் குடுவையில் விழும் பூச்சியைச் செரித்து அக்குறையை ஈடு செய்துகொள்கிறது. அதனைக் கொலை என்பது எப்படிப் பொருந்தும்? பசியாறுதலுக்கும் குற்றத்துக்கும் வேறுபாடு காணாதவர் மனிதர்களை எவ்வாறு பிரித்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

லொம்ப்ரோசோவின் பிழையை விலங்கியல் வழியே முதலில் காண்போம். பரிணாமம் ஓர் ஏணி, அதில் குரங்கு கீழ்ப்படி, ‘காட்டுமிராண்டி’ நடுப்படி, ஐரோப்பியர் மேல்படி என்று அவர் கருதினார். பரிணாமம் ஏணியன்று, கிளைவிட்ட மரம். இன்றுள்ள குரங்கு நமக்குப் பாட்டன் அல்ல. ஒரே மூதாதையிடமிருந்து வேறு வழியாக வந்த உறவினர். இன்றுள்ள பழங்குடி மக்களும் எவருடைய கடந்த காலமும் அல்லர். மீள்பண்பு என்பது சில உயிரினங்களில் உண்மையாகவே நிகழ்வதுண்டு. எப்போதாவது ஒரு குதிரைக்குட்டி கூடுதல் விரலுடன் பிறக்கிறது. ஆனால் கூடுதல் விரல் என்பது ஓர் உறுப்பு. திருட்டு உறுப்பன்று. எது திருட்டு என்பதை எலும்பு தீர்மானிப்பதில்லை, சட்டம் தீர்மானிக்கிறது. காட்டில் விறகு பொறுக்குவது நேற்றுவரை வழக்கமாக இருந்து, இன்று காலை ஒரு சட்டம் வந்தால் குற்றமாகிவிடும். ஒரே இரவில் யாருடைய மண்டை ஓடும் மாறியிருக்காது.

அடுத்தது கணக்குப் பிழை. சிறையில் இருப்பவர்களை மட்டும் அளந்துவிட்டு, வெளியில் இருப்பவர்களைச் சரிவர அளக்காமல் விட்டால் என்ன தெரியும்? இதனைச் சரி செய்தவர் சார்லஸ் கோரிங் என்னும் ஆங்கிலேயச் சிறை மருத்துவர். சுமார் 3,000 கைதிகளை அளந்து, பல்கலைக்கழக மாணவர்கள், ராணுவ வீரர்கள் முதலியோரின் அளவுகளோடு ஒப்பிட்டு, 1913-இல் முடிவை வெளியிட்டார். குற்றவாளி என்று தனியே ஓர் உடல் வகை இல்லை என்பதே முடிவு. ஒரு மாணவனின் தலை அளவைக் கொண்டு, அவன் இங்கிலாந்தில் படிக்கிறானா ஸ்காட்லாந்தில் படிக்கிறானா என்று ஊகிப்பதுகூடக் கைகூடலாம், அவன் பேராசிரியர் ஆவானா கைதி ஆவானா என்று ஊகிப்பது அதைவிடக் கடினம் என்ற கருத்தில் அவர் எழுதினார். (அவரும் குறைந்த அறிவுத்திறன் பரம்பரையாக வருகிறது என்று வேறு வழியில் சறுக்கினார் என்பதையும் சொல்ல வேண்டும்.) அவருக்கு முன்பே, 1870-களில், பிரான்சிஸ் கால்டன் கைதிகளின் புகைப்படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்துக் ‘குற்றவாளி முகம்’ ஒன்றை உருவாக்க முயன்றார். ஒவ்வொருவரிடமும் இருந்த கோணல்கள் மறைந்து, சாதாரணமான, சற்று அழகான முகமே கிடைத்தது!

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இது நானே கற்பனையாக அமைத்த கணக்கு. 10,000 பேர் உள்ள ஊரில் 100 பேர் திருடர்கள் என்க. துருத்திய காது திருடர்களில் 40 விழுக்காட்டினருக்கும், மற்றவர்களில் 30 விழுக்காட்டினருக்கும் இருக்கிறது என்க. லொம்ப்ரோசோவுக்கு இது பெரிய வெற்றி. ஆனால் காவலர் துருத்திய காது உடையவர்களை எல்லாம் பிடித்தால் என்ன ஆகும்? திருடர் 40 பேர், திருடாதவர் 9,900-இல் 30 விழுக்காடு, அதாவது 2,970 பேர், ஆக 3,010 பேர் பிடிபடுவர். அவர்களில் திருடர் நூற்றுக்கு ஒன்றரை பேர்கூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு பிடித்தாலே நூற்றுக்கு ஒருவர் அகப்படுவார். காதைப் பார்த்த பயன் அவ்வளவே. மீதி 60 திருடர்கள் அழகிய காதுகளோடு ஊரில் உலாவுவர்.

ஐரோப்பிய அளவுகோல் இனி நம் ஊருக்கு வந்த கதை. 1885-இல் சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பை ஏற்ற எட்கர் தர்ஸ்டன், 1890-களில் சென்னை மாகாணத்து மக்களை அளக்கத் தொடங்கினார். தலையின் நீளம், அகலம், மூக்கின் உயரம், அகலம் ஆகியவற்றைக் காலிப்பர் கொண்டு அளந்து சுட்டெண் காண்பது முறை. மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் மூக்குச் சுட்டெண். வடக்கே ரிஸ்லி என்னும் அதிகாரி, மூக்கு அகலமாக ஆகச் சாதியின் தகுதி தாழ்கிறது என்றே ஒரு விதி கூறினார்! (அவருடைய அளவுப் பட்டியல்களில் இருந்த பிழைகளை 1930-களில் மகலனோபிஸ் எடுத்துக்காட்டினார்.) தர்ஸ்டன் நீலகிரி, வயநாடு, ஆனைமலை என்று மலைமலையாக ஏறினார். வயநாட்டில் பணியர் பெண்கள், தங்களில் சிறந்தவர்களைப் பஞ்சடைத்து அருங்காட்சியகத்தில் வைக்கத்தான் இவர் வந்திருக்கிறார் என்று அஞ்சி ஓடினார்களாம். அதனை அவர் நகைச்சுவையாகவே எழுதி வைத்திருக்கிறார். ஓடியவர்களுக்கு அது நகைச்சுவையாக இருந்திருக்காது.

அவ்வாறு அளக்கப்பட்டவர்களில் சேர்வராயன் மலை மலையாளிகளும் உண்டு. அப்போது ஏற்காட்டில் ஐரோப்பியரின் காப்பித் தோட்டங்கள் நிலைபெற்றிருந்தன. எங்கள் முன்னோர் அத்தோட்டங்களில் கூலியாகவும், மீதி நேரத்தில் தங்கள் சாமை, ராகிக் கொல்லைகளிலும் உழைத்துக்கொண்டிருந்தனர். 1909-இல் வெளிவந்த ‘தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும்’ என்ற ஏழு தொகுதி நூலில், நான்காம் தொகுதியில் எங்கள் வழக்கங்கள் எழுதப்பட்டுள்ளன. பெரியண்ணன் கதையும் அதில் இருக்கிறது. வீட்டில் கேட்ட கதையை அச்சில் பார்ப்பது ஒரு தனி உணர்ச்சி. அதற்காக தர்ஸ்டனுக்கும் அவருக்குத் துணை நின்ற ரங்காச்சாரிக்கும் நான் நன்றி சொல்லக் கடமைப்பட்டவன். ஆனால் கதை கேட்டவர் ஏன் மூக்கையும் அளந்தார் என்ற கேள்வி இருக்கத்தான் செய்கிறது.

தர்ஸ்டன் அளந்தது சாதியை வகைப்படுத்த. குற்றத்தைத் தேட அன்று. இந்த நியாயத்தை அவருக்குச் செய்தாக வேண்டும். ஆயினும் அதே காலிப்பரைப் பிடிக்க அவர் அருங்காட்சியகத்தில் காவல்துறையினருக்கும் கற்றுக்கொடுத்தார். பாரிசில் பெர்ட்டியோன் என்பவர் வகுத்த அளவுமுறை அப்போது சென்னை மாகாணக் காவல்துறையில் புகுந்திருந்தது. இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பெர்ட்டியோன், ‘முன்பு பிடிபட்ட ஆள்தானா இவன்?’ என்று மட்டுமே கேட்டார். லொம்ப்ரோசோ, ‘இவன் குற்றம் செய்யப் பிறந்தவனா?’ என்று கேட்டார். முதல் கேள்விக்கு உடல் விடை தர முடியும். கைரேகை இன்றும் தருகிறது. கைரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்கியதில் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற நம் நாட்டவர் இருவருக்குப் பெரும்பங்கு உண்டு. கல்கத்தாவில் 1897-இல் கைரேகை நிலையம் ஏற்பட்டது. இரண்டாம் கேள்விக்கு உடலில் விடை இல்லை. இவ்விரண்டு கேள்விகளும் ஒரே மேசையில், ஒரே கருவியோடு கிடந்ததால் வந்தது குழப்பம்.

இந்தியாவில் அந்த இரண்டாம் கேள்விக்குச் சட்டமே விடை எழுதிவிட்டது. குற்றப் பழங்குடியினர் சட்டம் 1871-இல் வட இந்தியாவில் வந்தது. ஆண்டைக் கவனியுங்கள், லொம்ப்ரோசோவின் நூலுக்கு ஐந்து ஆண்டுகள் முந்தியது. எனவே அந்த நூலைப் படித்துவிட்டு ஆங்கிலேயர் இச்சட்டத்தை இயற்றினர் என்று சொல்ல முடியாது. தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி என்றால் திருடன் மகன் திருடனாகத்தானே இருப்பான் என்பது அவர்கள் வாதம். அங்கே மண்டை ஓடு செய்த வேலையை இங்கே சாதி செய்தது. 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பட்டியலில் ஏறிய இனத்தில் பிறந்தவர்கள் எந்தக் குற்றமும் செய்யாதிருந்தாலும் பதிவு செய்யப்பட்டு, கைரேகை கொடுத்து, ஊரை விட்டுப் போக அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். மக்கள் இதனை ‘ரேகைச் சட்டம்’ என்றே அழைத்தனர். 1920 ஏப்ரல் 3 அன்று மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரில் இதற்கு அடிபணிய மறுத்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து, பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

நம் சேலம் மாவட்டத்தில் இச்சட்டத்தின் சுமையைத் தாங்கியவர்களில் முக்கியமானவர்கள் குறவர்கள். தர்ஸ்டனின் மூன்றாம் தொகுதியில் குறவரைப் பற்றிய பகுதி நீளமானது. அதில் பெரும்பங்கு காவல் அதிகாரிகளின் குறிப்புகளிலிருந்து எடுத்தது. பூட்டு உடைப்பது எப்படி, கன்னம் வைப்பது எப்படி என்றெல்லாம் விரிவாக இருக்கிறது. அவர்களுடைய பழைய தொழில் என்ன என்பது அந்த அளவுக்குக் கண்ணில் படுவதில்லை. அவர்கள் மாடுகளிலும் கழுதைகளிலும் உப்பும் தானியமும் ஏற்றி, கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கும் உள்நாட்டிலிருந்து மலைகளுக்கும் கொண்டு சென்று விற்ற வணிகர்கள். கூடை முடைவார்கள், குறி சொல்வார்கள், பச்சை குத்துவார்கள். 1860-களில் சேலம் வழியாக ரயில் ஓடத் தொடங்கியது. உப்பின் மீது அரசின் பிடியும் வரியும் இறுகின. நூறு மாடுகள் சுமப்பதை ஒரே வண்டியில் ஏற்றிச் செல்லும் ரயிலோடு பொதிமாடு போட்டியிட முடியுமா? அதன்மேல் 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம். சேலம் மாவட்டம் அதில் பட்ட பாடு கொஞ்சமன்று. காடுகளும் சட்டத்தின் வேலிக்குள் போயின. மேய்ச்சலும் மூங்கிலும் அருகின. தொழில் போன பின் ஊர் ஊராய்த் திரிந்தவர்களைப் பார்த்து, ‘திரிவது இவர்கள் பிறவிக் குணம்’ என்று எழுதினார்கள். ஒரு காலத்தில் திரிவதற்குக் கூலி கொடுத்த அதே உலகம்!

சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31-இலும் நீக்கப்பட்டது. பட்டியலிலிருந்து விடுபட்டோர் தமிழகத்தில் சீர்மரபினர் எனப்படுகின்றனர். அரசின் சீர்மரபினர் பட்டியலைப் படித்துப் பாருங்கள்: ஆத்தூர் கீழ்நாட்டுக் குறவர், ஆத்தூர் மேல்நாட்டுக் குறவர், சேலம் மேல்நாட்டுக் குறவர், சேலம் உப்புக் குறவர். நாம் தினமும் பேருந்தில் கடக்கும் ஊர்களின் பெயர்கள். உப்புக் குறவர் என்ற சொல்லில் அந்த உப்பு வணிகம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்று அப்பட்டியல் உதவித்தொகைக்கும் இடஒதுக்கீட்டுக்கும் பயன்படுகிறது. குற்றப் பழங்குடியினர் சட்டம் போன பின்னும் ‘வழக்கமான குற்றவாளி’ என்ற பெயரில் தனிச் சட்டங்கள் இருந்தன. 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம், சிறைகளில் சாதியின் அடிப்படையில் வேலை பிரிக்கும் விதிகளைச் செல்லாதென அறிவித்து, சிறைப் பதிவேடுகளில் சாதியைக் குறிக்கும் கலத்தையும் நீக்கச் சொன்னது. சுதந்திரம் பெற்று 77 ஆண்டுகள் கழித்து!

இத்துடன் அந்த விஞ்ஞானம் முடிந்துவிட்டதா என்றால், இல்லை. அவ்வப்போது வேறு ஆடை அணிந்து வருகிறது. 1965-இல் ஸ்காட்லாந்தில் ஒரு பாதுகாப்பு மருத்துவமனையில் இருந்தவர்களிடையே, கூடுதலாக ஒரு ஒய் குரோமோசோம் உள்ள ஆண்கள் சற்று அதிகமாக இருப்பதாகக் கண்டனர். உடனே ‘குற்றக் குரோமோசோம்’ என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் சுமார் ஆயிரம் ஆண்களுக்கு ஒருவர் இவ்வாறு பிறக்கிறார். பெரும்பாலோர் அதனை அறியாமலே அமைதியாக வாழ்கின்றனர். 1976-இல் டென்மார்க்கில் வெளியிலுள்ள ஆண்களையே தேடி ஆராய்ந்தபோது அவர்களிடம் வன்முறை மிகுதி காணப்படவில்லை. மீண்டும் அதே பாடம்: சிறைக்குள் மட்டும் அளக்காதே.

2016-இல் சீனாவின் ஷாங்காய் நகர ஆய்வாளர் இருவர் 1,856 அடையாளப் புகைப்படங்களைக் கணினிக்குக் கொடுத்து, குற்றவாளி யார், அல்லாதவர் யார் என்பதைச் சுமார் 90 விழுக்காடு சரியாக அது பிரிப்பதாக அறிவித்தனர். மற்ற விஞ்ஞானிகள் படங்களைக் கூர்ந்து பார்த்தனர். குற்றவாளி அல்லாதவர் படங்களில் வெள்ளைக் காலர் சட்டையும் இலேசான புன்னகையும் இருந்தன. மற்றவர் படங்களில் முகம் இறுகியிருந்தது. கணினி கண்டுபிடித்தது பெரும்பாலும் புன்னகையையே என்பது அவர்கள் கருத்து. கைது செய்யப்பட்டவன் சிரித்துக்கொண்டா இருப்பான்?

இதெல்லாம் ஷாங்காயிலும் தூரினிலும் நடப்பவை என்று நினைத்துவிட வேண்டாம். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திர மாநிலம் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறித் தமிழகத்தைச் சேர்ந்த 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களில் பலர் ஜவ்வாது மலை, சித்தேரி மலைப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். எங்கள் மலையாளி இனத்தவரும் அதில் உண்டு. சிலர் முந்தைய நாள் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோகப்பட்டவர்கள் என்று, உடன் சென்று தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் கூறினர். பேருந்தில் நாற்பது பேர் இருக்கையில் யாரை இறக்குவது என்பதை எதைப் பார்த்து முடிவு செய்தார்கள்?

என் சித்தப்பா கட்டட வேலைக்கு வெளியூர் போகிறவர். வேலை இல்லாத மாதங்களில் எங்கள் ஊருக்கு அருகில் உள்ள எஸ்டேட்டில் காப்பி மூட்டை சுமப்பார். சில ஆண்டுகளுக்கு முன், வெளி மாநிலச் சோதனைச் சாவடி ஒன்றில் அவரைப் பேருந்திலிருந்து இறக்கி, சட்டையைக் கழற்றச் சொல்லித் தோளைப் பார்த்தார்களாம். வலத் தோளில் காய்த்துப்போன தழும்பு இருந்தது. மரம் சுமந்த தழும்பு என்றார்கள். “காப்பி மூட்டைங்க, சார்” என்றிருக்கிறார் சித்தப்பா. இரவு முழுவதும் உட்கார வைத்து, காலையில் மேஸ்திரி தொலைபேசியில் பேசிய பிறகே விட்டார்கள். மேஸ்திரி பேசியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஓயாத உரசலாலும் அழுத்தத்தாலும் தோலின் மேலடுக்கில் கெராட்டின் மிகுந்து தடிப்பதே காய்ப்பு என்று முதலாம் ஆண்டில் படித்தோம். மரத்தால் உண்டான காய்ப்பையும் மூட்டையால் உண்டான காய்ப்பையும் பிரித்துச் சொல்ல ஏதேனும் சோதனை உண்டா என்று எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரைக் கேட்டேன். “உருப்பெருக்கியில் வைத்தாலும் தோல் தோலாகத்தானப்பா தெரியும், எதைச் சுமந்தது என்று அதில் எழுதியிருக்காது” என்றார். இந்தத் தை மாதத்திலும் சித்தப்பா மூட்டை சுமந்தார். இப்போது வலத் தோளை விட்டு இடத் தோளுக்கு மாற்றியிருக்கிறார். அங்கேயும் காய்க்கத் தொடங்கிவிட்டது.